கடன் என்னும் கயிறு
(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் கூட்டங்களில் எவரும் வாய்விட்டுப் பேசாதது. விலைமாதர் தொழில் என்று நேராகவும், துணைக்குச் செல்லும் வேலை என்று நாசூக்காகவும் சொல்லப்படுவதைப் பற்றியது. முன்வரிசையில் ஒரு பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறார். பொறுத்தருள வேண்டும், பாட்டி. நாம் வாய் திறவாத வீடுகளில்தான் தரகர் வந்து பேசுகிறார்.

பேராக்கில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்பு நிலமாகவும் மாறிவிட்டதை நீங்கள் அறிவீர்கள். லயத்தை விட்டுப் புறப்பட்ட குடும்பங்கள் ஈப்போவின் ஓரங்களில் குடியேறின. பால்மரம் சீவிய கைகளுக்கு அங்கே உடனே வேலை கிடைத்துவிடவில்லை. இத்தகைய வீட்டுக்குத்தான் அந்த மனிதர் வருவார். உணவகத்தில் வேலை என்பார். உடம்பு பிடித்துவிடும் நிலையத்தில் வேலை என்பார். விருந்தினரை உபசரிக்கும் வேலை என்பார். தாயின் மருத்துவத்துக்கு முன்பணமும் தருவார். "பத்திரமாக இருக்கட்டும்" என்று பெண்ணின் அடையாளக் கார்டை வாங்கி வைத்துக்கொள்வார். அறை வாடகை, உடுப்பு, கார்ச் செலவு எல்லாம் அவள் கணக்கில் ஏறும். கடன் மட்டும் இறங்காது. அவள் போக வேண்டும் என்றால், "கடனைக் கட்டு, இல்லாவிட்டால் வழக்குப் போடுவேன், போலீசுக்குப் போனால் சிறைக்குப் போவது நீதான்" என்பார்.

சட்டம் என்ன சொல்கிறது? குற்றவியல் சட்டத்தின் 372ஆவது பிரிவைக் கேளுங்கள். ஒருவரை இத்தொழிலுக்கென்று விற்பவர், வாடகைக்கு விடுபவர், பொய் சொல்லி நாட்டுக்குள் கொண்டுவருபவர், அடைத்து வைப்பவர், விளம்பரம் செய்பவர், இடையில் நின்று பேசி முடிப்பவர் அனைவருக்கும் 15 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் அபராதமும் உண்டு. அதோடு, பெண்ணின் உடுப்பையோ பொருளையோ தர மறுத்தாலும், கடனுக்கு வழக்குத் தொடுப்பேன் என்று மிரட்டினாலும், அடையாளக் கார்டையோ பாஸ்போர்ட்டையோ உரிமையின்றி வைத்துக்கொண்டாலும், அவர் அவளை அடைத்து வைத்ததாகவே சட்டம் அனுமானிக்கும். அப்படியில்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. தரகர் எதைக் காட்டி மிரட்டுகிறாரோ அதுவே அவருக்கு எதிரான சாட்சி!

உடலை விற்றுக் கடனைக் கழிப்பதாகச் செய்த உடன்படிக்கையும் செல்லாது. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, ஒழுக்கக்கேடான நோக்கமுள்ள ஒப்பந்தத்தைச் செல்லாததாக்குகிறது. இது பழைய நியாயம். 1866இல் இலண்டனில் வண்டி செய்யும் கம்பெனி ஒன்று, தன்னிடம் அலங்கார வண்டி எடுத்த பெண்மீது பணம் கேட்டு வழக்காடியது. அவள் தொழிலுக்கே வண்டி பயன்படும் என்பது கம்பெனிக்குத் தெரிந்திருந்ததால் நீதிமன்றம் பணம் வாங்கித்தர மறுத்துவிட்டது.

நம் பேராக்கிலேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1874இல் பங்கோர் ஒப்பந்தம் ஏற்பட்ட காலத்தில் இங்கே கடனடிமை முறை இருந்தது. கடன்பட்டவரும் அவர் மனைவி மக்களும் கடன் கொடுத்தவர் வீட்டில் உழைக்க வேண்டும். அந்த உழைப்பு கடனில் கழியாது. பெண்கள் சிலர் உடலை விற்கவும் வற்புறுத்தப்பட்டனர். 1883ஆம் ஆண்டின் இறுதியில் அம்முறை ஒழிக்கப்பட்டது. அப்போது ரெசிடெண்டாக இருந்தவர், கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை வளர்த்த அதே ஹியூ லோ. நம் பாட்டன்மாரைக் கட்டியிருந்த ஒப்பந்தக் கூலி முறைக்கான ஆள்சேர்ப்பு 1910இல் நின்றது. முன்பணம் என்ற சொல்லின் எடை நமக்குப் புதிதல்ல.

இதனால் பெண்ணுக்கு ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். இத்தொழிலுக்கு ஆளழைத்தால் 372பி பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். இரண்டு பேர், வெவ்வேறு நேரத்தில் ஆனாலும், ஓர் இடத்தை இத்தொழிலுக்குப் பயன்படுத்தினால் சட்டத்தின் கண்ணில் அது விபசார விடுதி. அதை நடத்துபவர் மட்டுமன்றி, தெரிந்தே வாடகைக்கு விட்டவரும் 373ஆவது பிரிவில் அகப்படுவார். பெண்ணின் வருமானத்தில் குந்தித் தின்னும் கணவனுக்கும் 15 ஆண்டு வரை சிறை உண்டு. இதை ஆண்கள் பக்கம் பார்த்துத்தான் சொல்கிறேன்.

கட்டாயப்படுத்தியோ ஏமாற்றியோ கொண்டுவரப்பட்டவர்களுக்கு 2007ஆம் ஆண்டின் ஆள்கடத்தல் ஒழிப்புச் சட்டம் இருக்கிறது. அவள் முதலில் சம்மதித்தாள் என்பதும், அவளுடைய பழைய நடத்தையும் கடத்தியவருக்குத் தப்ப வழியாகா. வெளிநாட்டுப் பெண்ணானால், சட்டவிரோதமாக நுழைந்ததற்காக அவள்மீது வழக்குத் தொடரப்படாது. ஆனால் மீட்கப்பட்டதும் வீட்டுக்குப் போய்விட முடியும் என்று எண்ண வேண்டாம். பாதுகாப்பு இல்லத்தில் சில காலம் தங்க நேரும். பல பெண்கள் அதையும் ஒரு சிறையாகவே உணர்கிறார்கள்.

18 வயது நிரம்பாத பிள்ளையைப் பற்றியதானால், 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி அவளை வாடகைக்கு எடுப்பவனும் குற்றவாளியே.

மகள் பட்டணத்தில் இருந்து பேசும்போது அடையாளக் கார்டு யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள், அம்மா. அவளிடம் இல்லையென்றால் போலீஸ் நிலையத்திலோ 15999 என்ற அரசாங்க உதவி எண்ணிலோ தெரிவிக்கலாம். கூட்டம் முடிந்தபின் நான் அரை மணி நேரம் இங்கேயே இருப்பேன். எல்லார் முன்னிலையிலும் கேட்க வேண்டியதில்லை.