மஞ்சள் கடுதாசிக்குப் பிறகு

(தோவாளையில் பூ வியாபாரிகளும் பூக்கட்டும் தோழர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியது)



இன்று உங்கள் முன் நின்று பேசுவதற்கு எனக்குள்ள யோக்கியதையெல்லாம் நான் பாப்பரானவன் என்பதுதான். கெட்டிக்காரத்தனமாய் வியாபாரம் செய்து நாலு காசு சேர்த்தவர்கள் இந்த ஊரில் பலபேர் இருக்க, அவர்களை விட்டு என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம், பணம் எப்படி வருகிறது என்பதைவிட எப்படிப் போகிறது என்பது எனக்குக் கொஞ்சம் அதிகமாய்த் தெரியும் என்பதாகவே இருக்கவேண்டும்.

என் சங்கதி இங்குள்ள அநேகருக்குத் தெரியும். 2017-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி ஒக்கிப் புயல் அடித்தது. எனக்குப் பூ கொடுக்கும் விவசாயிகளுக்கு நான் கொடுத்திருந்த முன்பணம், அவர்கள் தோட்டத்தோடு சாய்ந்தது. அடுத்த ஓணத்தில் அவ்வளவையும் எடுத்துவிடலாம் என்று வட்டிக்கு வாங்கி, வெளியூர்ப் பூவுக்கெல்லாம் அச்சாரம் கொடுத்தேன். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம். அந்த அரசாங்கம் ஓணக் கொண்டாட்டத்தையே நிறுத்திவிட்டது. முற்றத்தில் தண்ணீர் நிற்கும்போது அத்தப்பூக்கோலம் போடுகிறவர் யார்? என் கேந்தியும் வாடாமல்லியும் மூட்டையிலேயே அழுகின. 2019-ல் கோர்ட்டுக்குப் போய் மஞ்சள் கடுதாசி கொடுத்தேன்.

அப்பொழுது என்னைப் பார்க்க வந்தவர்களெல்லாம் ஒரே பாட்டாய், "உமக்குச் சனி நடக்கிறது" என்றார்கள். நானும் நம்பினேன். நம்பினது மாத்திரமல்லாமல், பரிகாரம் செய்வதற்கென்று மேலும் 12,000 ரூபாய் கடன் வாங்கினேன்! இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அந்த ஓணத்தில் இந்தப் பூ மார்க்கெட்டில் நான் ஒருவன் மாத்திரமா நஷ்டப்பட்டேன்? தோவாளையில் கடை வைத்திருந்தவர்கள் அத்தனைபேரும் ஒரே நட்சத்திரத்திலா பிறந்தார்கள்? 1938 ஜூன் மாதத்தில், இந்தத் தோவாளைத் தாலூகா திருவாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில், திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கி பணம் கொடுப்பதை நிறுத்திற்று. அதற்குக் காரணம் யார் யார் என்று இன்றுவரை தர்க்கம் நடக்கிறதே தவிர, அந்தப் பாங்கியின் ஜாதகத்தை எடுத்துப் பார்த்தவர் எவரும் இல்லை. பெரியவன் விழுந்தால் கணக்கைப் பார்ப்பது, சின்னவன் விழுந்தால் கிரகத்தைப் பார்ப்பது என்றால் இது என்ன நியாயம்?

ஆனால் வெள்ளத்தின்மேல் முழுப்பழியையும் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. ஏனென்றால் அதே வெள்ளத்தில் நஷ்டப்பட்டு, அடுத்த தை மாதமே எழுந்து நின்றவர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

நம்முடைய தொழிலில் ஒரு விஷம் இருக்கிறது. கமிஷன் வியாபாரி விடியற்காலையில் ஒரு லட்ச ரூபாயைக் கையால் எண்ணுகிறான். 100 ரூபாய்க்கு 10 ரூபாய் கழிவு என்று வைத்துக்கொண்டால், அதில் 10,000 அவனுடையது. அதிலும் கூலி, வண்டி, சாக்கு, வாடகை, அழுகல் போனால் நிற்பது சொற்பம். மற்ற 90,000மும் பூ பறித்தவனுடையது. ஆனால் விரலுக்கு இந்த வித்தியாசம் தெரிகிறதா? ஒரு லட்சம் எண்ணின விரல், ஒரு லட்சக்காரன் விரலாகவே தன்னை நினைத்துக்கொள்ளுகிறது. நான் டீக்கடையில் பத்துப்பேருக்குச் சேர்த்துக் காசு கொடுத்ததும், கலியாணத்துக்குப் போன இடங்களிலெல்லாம் மொய்யில் முதல் ஆளாய் எழுதினதும், கோயில் கொடைக்கு எல்லோருக்கும் மேலே என் பேரைப் போடச் சொன்னதும் விவசாயியின் பணத்தில்தான். இதைத் தர்மம் என்று நினைத்திருந்தேன். பிறத்தியார் பணத்தில் செய்வதற்குத் தர்மம் என்று பேரல்ல.

நமது ஒழுகினசேரிக்காரரான கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 1952-ல் "பணம்" என்றே ஒரு படத்தை டைரக்ட் செய்தார். 1955-ல் வந்த "முதல் தேதி" படத்தில் சம்பளக்காரன் வீட்டு மாதக் கடைசியைப் பாடிக் காட்டினார். சம்பளக்காரனுக்காவது மாதக் கடைசி என்று ஒன்று வந்து கன்னத்தில் அறைகிறது. அன்றாடம் காசு புரளும் நமக்கோ மாதக் கடைசியே கிடையாது. இன்றைய பள்ளத்தை நாளைய பணத்தால் மூடிக்கொண்டே போகலாம். மூடமுடியாத நாள் வரும்போதுதான் பள்ளத்தின் ஆழம் தெரியும்.

நிற்க, மஞ்சள் கடுதாசியைப் பற்றி ஊரில் இரண்டு தப்பபிப்பிராயம் இருக்கிறது. ஒன்று, அது மானக்கேடு என்பது. மற்றொன்று, அது சாமர்த்தியம் என்பது. இரண்டும் தப்பு. என் விவகாரம் 1920-ம் வருஷத்து மாகாண இன்சால்வென்சி சட்டப்படி நடந்தது. உள்ளதை உள்ளபடி ஜாபிதா எழுதிக் கொடுத்தேன். வீடும் கடையும் போயிற்று. உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, கைத்தொழில்காரனுக்கு அவன் கருவி, பெண்களுக்கு வழக்கப்படி கழற்றக்கூடாத நகை இவைகளைச் சட்டம் தொடாது. சொத்தை ஒளித்தாலோ, மோசடியாய்க் கடன் வாங்கியிருந்தாலோ அந்தச் சட்டம் காப்பாற்றாது. அதோடு, விடுதலை கிடைக்கும்வரையில், தான் இன்சால்வென்ட் என்று சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் ஆறு மாதம் வரை ஜெயில். இந்த 50 ரூபாய்ப் பிரிவு எனக்குப் பெரிய வாத்தியாராயிற்று. மளிகைக் கடைக்காரரிடம் "அய்யா, நான் பாப்பர், கடன் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டு வாங்குவதைவிட, அன்றைக்கு அந்தச் சாமான் இல்லாமல் இருந்துவிடுவதே சுலபம் என்று கண்டுகொண்டேன். பாதிச் சாமான்கள் இல்லாமலே வீடு நடந்தது.

கோர்ட்டில் ஜாபிதா வாசித்த அன்றுதான் என் மனைவிக்கு 23 பேருக்குக் கடன் இருப்பது தெரியும். வீட்டுக்கு வந்ததும் அவள் அழவில்லை. "நீங்க கெட்டது ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டுந்தான் தெரியாது" என்றாள். இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அப்படி அடித்ததில்லை. மறுநாள் பூக்கட்டப் போனாள். முதலாளி பெண்சாதி கூலிக்குப் பூக்கட்டுவதா என்று எனக்கு ரோஷம் வந்தது. என்ன ரோஷம் பாருங்கள்! கடன்காரன் கதவைத் தட்டும்போது வராத ரோஷம், பெண்சாதி உழைக்கப் போகும்போது வருகிறது. வாடகை வீட்டு முன்பணத்துக்குச் சட்டமே தொடாத அந்தத் தாலித் தங்கத்தையும் தானே கழற்றிக் கொடுத்தாள். எனக்கோ அவளுக்கோ அதனால் ஒரு தலைவலியும் வரவில்லை.

அன்று முதல் காசு அவள் கையில். நான் வேறொருவர் கடையில் எடைபோடும் வேலைக்குப் போனேன். 2020-ல் ஊரடங்கில் அந்த வேலையும் நின்று, அவள் சேர்த்து வைத்திருந்த சில்லறையில்தான் சோறு. ராத்திரி படுக்குமுன் ஒரு நோட்டில் அன்றைய வரவையும் செலவையும் எழுதுகிறோம். எழுதுவதில் என் கை கூசும் செலவு எது என்று பார்த்தால், அரிசியும் அல்ல, மருந்தும் அல்ல. பிறர் பார்ப்பதற்காகச் செய்தது எதுவோ அதை எழுதத்தான் கை கூசுகிறது.

அமெரிக்காவில் மார்க் ட்வெயின் என்று ஒரு பெரிய எழுத்தாளர். அச்சுக் கோக்கும் இயந்திரம் ஒன்றில் கண்ணை மூடிக்கொண்டு பணத்தைப் போட்டார். அவருடைய புத்தகக் கம்பெனியும் 1894-ல் திவாலாயிற்று. 1895-ல் உலகம் சுற்றிப் பிரசங்கம் செய்யப் புறப்பட்டு, 1896-ல் நமது தேசத்துக்கும் வந்து பேசிச் சம்பாதித்து, 1898-க்குள் கடன் முழுவதையும் தீர்த்தார். இதைச் சொல்லுகிறவர்கள் அவர் யோக்கியத்தை மாத்திரம் சொல்லுவார்கள். எனக்குப் பிடித்த சங்கதி வேறு. அவர் தம் பண விவகாரம் முழுவதையும் ரோஜர்ஸ் என்ற சிநேகிதரிடம் ஒப்படைத்துவிட்டார். நமக்கு எழுதத் தெரியும், பணத்தை நடத்தத் தெரியாது என்று அவ்வளவு பெரிய அறிவாளி ஒப்புக்கொண்டாரே, அதுதான் அறிவு. எனக்கு ரோஜர்ஸ் வீட்டிலேயே இருந்தாள். இருபது வருஷமாய் அவளை அடுப்படியில் வைத்திருந்தேன்.

மகள் கலியாணம் வந்தது. உறவினர்கள், "கெட்டாலும் பழைய கடைக்காரர் வீடல்லவா, நாலுபேர் மெச்சச் செய்யவேண்டும்" என்றார்கள். இரண்டு லட்சம் கடன் தருவதற்கு ஆளும் தயாராய் வந்துவிட்டார். கடன் கொடுப்பவனுக்குத்தான் நம் மானத்தின்மேல் எவ்வளவு அக்கறை! நோட்டைப் பார்த்தோம். கையில் 18,000 இருந்தது. 1967-ல் செய்த சட்டத் திருத்தப்படி, சிநேகிதர்கள் முன் பெண்ணும் பிள்ளையும் மாலை மாற்றிக்கொண்டாலே கலியாணம் செல்லும். இரண்டு மாலை அவள் தாயே கட்டினாள், பிச்சியும் அரளியும். வந்தவர்களுக்கு இட்லி, வடை, காப்பி. பிறகு பதிவு செய்தோம். என் மச்சான் கோபித்துக்கொண்டு வரவில்லை, இன்னும் பேசுவதில்லை. அது எனக்கு வருத்தந்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கலியாணத்துக்கு வட்டி கட்டுகிறவர் எவரும் இல்லை.

கோர்ட்டு எனக்கு விடுதலை கொடுத்துவிட்டது. சட்டப்படி அந்த 23 பேரும் இனி என்னைக் கேட்கமுடியாது. அதில் மீட்டர் வட்டிக்காரர் ஒருவர். அந்த வட்டியை 2003-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டமே குற்றம் என்கிறது. அவருக்கு வாங்கினதற்குமேல் கொடுத்தாயிற்று. மற்றவர்களில் 14 பேர் பூ விவசாயிகள். அவர்கள் பறித்த பூவை நான் விற்றுத் தின்றது நிஜம். கோர்ட்டு அடித்த கோடு அதை அழிக்காது. மாதம் 1,000 ரூபாய் ஒதுக்கி, சின்னக் கடன் முதலில் என்று கொடுத்து வருகிறோம். ஐந்து பேர் தீர்ந்தார்கள். ஆறாவது ஆள் வீட்டுக்குப் போன மாதம் போனபோது அவர் இறந்துபோய்விட்டதாகச் சொன்னார்கள். அவர் மகன் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, "அப்பா கேட்டுக்கிட்டே இருந்தார்" என்றான். நான் அதற்குப் பதில் சொல்லவில்லை.

எட்டுப்பேர் பாக்கி. கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் இப்போதே கேட்கலாம்; விடியுமுன் எனக்கு எடைபோடப் போகவேண்டியிருக்கிறது.