விமானத் தொழிலும் கடனில்லாக் கல்வியும்

(நம் பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் - பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்தக் கோயில் மணிக்கூண்டின் நிழலில் பம்பரம் விட்டு விளையாடியவன் நான். 1985-இல் பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்றேன். புளோரிடா மாநிலத்தில் விமானங்களைப் பழுதுபார்க்கும் கூடங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, இப்போது ஓய்வு பெற்றிருக்கிறேன். விழாவுக்கு வந்த என்னிடம் பங்குத்தந்தை அவர்கள், "அங்கே பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள், அதற்கு எப்படிப் பணம் கட்டுகிறார்கள் என்று நம் பெற்றோருக்குச் சொல்லுங்கள்" என்றார். மகனையோ மகளையோ பேரப்பிள்ளைகளையோ அந்த நாட்டில் வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே பல உண்டு. ஆகவே ஒப்புக்கொண்டேன். நான் பேச்சாளன் அல்லன். ஸ்பேனர் பிடித்த கை. என் வீட்டில் நடந்ததை உள்ளபடியே சொல்கிறேன்.

உரிமம் வேறு, பட்டம் வேறு

விமானம் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் விமானி. 1903-இல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்துக்கு எஞ்சின் செய்தவர் யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் சார்லஸ் டெய்லர். சைக்கிள் கடையில் வேலை பார்த்த அவர், ஏறக்குறைய ஆறு வாரத்தில் அந்த எஞ்சினைக் கையால் உருவாக்கினார். அவர் பிறந்த மே 24-ஆம் நாளை அமெரிக்காவில் விமானப் பராமரிப்புத் தொழிலாளர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். எங்கள் தொழிலின் மூதாதையர் அவரே.

இன்று அந்த நாட்டில் இத்தொழிலைச் செய்ய எஃப்.ஏ.ஏ. எனும் மத்திய விமானத்துறை அலுவலகத்தின் உரிமம் பெறவேண்டும். அதில் இரண்டு பகுதிகள் உண்டு. விமானத்தின் உடல், இறக்கை, சக்கரம் முதலியவற்றுக்கு ஏர்ஃபிரேம். எஞ்சினுக்கும் புரொப்பெல்லருக்கும் பவர்பிளாண்ட். பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். ஆங்கிலம் படிக்க, எழுத, பேச, புரிந்துகொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். பொதுப் பகுதி, ஏர்ஃபிரேம், பவர்பிளாண்ட் என மூன்று எழுத்துத் தேர்வுகளிலும் நூற்றுக்கு எழுபது எடுக்க வேண்டும். பின்னர் தேர்வாளர் முன் வாய்மொழித் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு.

இந்த உரிமத்துக்குக் கல்லூரிப் பட்டம் தேவையில்லை என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். தேர்வுக்குச் செல்ல இரண்டு வழிகள் உள்ளன. எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த பள்ளியில் படித்து முடிக்கலாம். அல்லது விமானங்களில் வேலை செய்த அனுபவத்தைக் காட்டலாம். ஒரு பகுதிக்கு 18 மாதம், இரண்டுக்கும் சேர்த்து 30 மாதம். நான் இரண்டாம் வழியில் போனவன். ஒரு சிறு விமான நிலையத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, எண்ணெய் துடைத்து, ரிவெட் அடித்து, முப்பது மாத வேலைக்கு முதலாளியிடம் கடிதம் வாங்கித் தேர்வு எழுதினேன்.

அப்படியானால் பட்டம் எதற்கு? வயது ஏற ஏற முதுகு வலிக்கும். இரவு முறையும் பனியும் வெயிலும் உடம்பை வாட்டும். மேற்பார்வையாளராகவோ, தரக் கட்டுப்பாட்டிலோ, திட்டமிடும் பிரிவிலோ உட்கார வேண்டுமானால் பல இடங்களில் பட்டம் கேட்கிறார்கள். எனக்கு அது இல்லை. ஓய்வு பெறும் நாள்வரை விமானத்தின் வயிற்றுக்கடியில் படுத்தே வேலை செய்தேன். என் பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்று எண்ணினேன்.

நான் செய்த தவறு

மூத்த மகன் 2012-இல் பள்ளி முடித்தான். அப்பாவின் தொழிலே வேண்டும் என்றான். எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. ஒரு தனியார் தொழிற்பள்ளியிலிருந்து ஆள் வந்தார். கோட்டும் டையும் அணிந்து, எங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே இனிக்க இனிக்கப் பேசினார். அவர் நீட்டிய கடன் பத்திரத்தில் நானும் மகனும் கையெழுத்திட்டோம். ஒரே ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை: "இங்கே படிக்கும் படிப்பை நாளைக்கு வேறொரு கல்லூரி ஏற்றுக்கொள்ளுமா?"

நியாயமாகச் சொல்ல வேண்டும். பள்ளியில் நன்றாகத்தான் கற்பித்தார்கள். அக்காலச் சட்டப்படி குறைந்தது 1,900 மணி நேரப் பயிற்சி. பையன் தேறினான், உரிமம் பெற்றான், வேலையும் கிடைத்தது. சில ஆண்டுகள் கழித்து மேற்பார்வையாளர் இடம் ஒன்று காலியானது. பட்டம் வேண்டும் என்றார்கள். வீட்டருகே இருந்த கல்லூரிக்குப் போனான். "நீங்கள் படித்தது மணிக் கணக்கு; எங்களுக்கு வேண்டியது கிரெடிட் கணக்கு. அந்தப் பள்ளியின் படிப்பை நாங்கள் ஏற்பதில்லை" என்று கைவிரித்துவிட்டார்கள். ஆங்கிலம், கணக்கு முதல் அனைத்தையும் புதிதாகத் தொடங்க வேண்டும். கடனோ பத்து ஆண்டுகள் மாதந்தோறும் அவன் சம்பளத்தைத் தின்றது. திருமணத்தையும் அதனாலேயே தள்ளிப்போட்டான். என்னை அவன் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அதுதான் எனக்கு அதிக வேதனை.

கிரெடிட் என்றால் என்ன?

அந்த நாட்டில் கல்லூரிப் படிப்பைக் கிரெடிட் எனும் அலகால் அளக்கிறார்கள். ஒரு பருவம் படிக்கும் சாதாரணப் பாடம் ஒன்றுக்கு மூன்று கிரெடிட். ஈராண்டுப் பட்டத்துக்கு ஏறக்குறைய 60. நான்காண்டுப் பட்டத்துக்கு 120. விமானப் பராமரிப்பில் ஈராண்டுப் பட்டம் என்றால், அதில் ஆங்கிலம், கணிதம், பேச்சுக்கலை, சமூகவியல் போன்ற பொதுப் பாடங்களும் உண்டு. மற்றவை தொழிற்பாடங்கள். இந்தப் பொதுப் பாடங்களைப் பதினாறு, பதினேழு வயதிலேயே, பள்ளியில் இருக்கும்போதே, மிகக் குறைந்த செலவில் முடித்துவிடலாம். இது எனக்கு மூத்தவன் காலத்தில் தெரியாமல் போயிற்று.

முதல் வழிக்கு டூயல் என்ரோல்மெண்ட் என்று பெயர். பள்ளி மாணவரே அரசுக் கல்லூரியில் பாடம் எடுப்பார். அதே பாடம் பள்ளிக்கும் கணக்காகும், கல்லூரிக்கும் கணக்காகும். இதற்கு 1985-லேயே மின்னசோட்டா மாநிலம் சட்டம் இயற்றியது. எங்கள் புளோரிடாவில் இந்த மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம், பதிவுக் கட்டணம், ஆய்வுக்கூடக் கட்டணம் எதுவுமில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகமும் இலவசம். பள்ளி மதிப்பெண் சராசரி நான்குக்கு மூன்றாவது இருக்கவேண்டும். எல்லா மாநிலங்களிலும் இப்படி இல்லை. சிலவற்றில் பணம் கட்ட வேண்டும். பள்ளி ஆலோசகரிடம் கேட்டறிய வேண்டும்.

இரண்டாம் வழி, கிளெப் எனும் தேர்வு. 1967 முதல் நடந்துவருகிறது. வகுப்புக்குப் போகாமல் வீட்டிலேயே படித்து, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத் தேர்வு எழுதலாம். மதிப்பெண் 20 முதல் 80 வரை. பொதுவாக 50 எடுத்தால் கிரெடிட் கிடைக்கும். கட்டணம் நூறு டாலருக்குச் சற்றுக் குறைவு. தேர்வு நடத்தும் இடத்துக்குத் தனியாகச் சிறு தொகை. தோற்றால் மூன்று மாதம் கழித்து மீண்டும் எழுதலாம். மாடர்ன் ஸ்டேட்ஸ் எனும் அறநிறுவனம் இலவசப் பாடங்கள் நடத்தி, முடித்தவர்களுக்குத் தேர்வுக் கட்டணத்தையும் கொடுக்கிறது.

மூன்றாம் வழி தொழிலையே பள்ளி நாளில் தொடங்குவது. நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் ஏவியேஷன் ஹைஸ்கூல் என்று ஓர் அரசுப் பள்ளி. மயாமியில் மாவட்டக் கல்வித்துறை நடத்தும் ஜார்ஜ் பேக்கர் விமானத் தொழிற்கல்லூரி. இங்கெல்லாம் மீசை முளைக்காத பையன்களும் சடை போட்ட பெண்களும் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதை நானே கண்டிருக்கிறேன்.

கடைக்குட்டியின் கதை

என் கடைசி மகளும் இந்தத் தொழிலுக்கே வந்தாள். "பெண் பிள்ளைக்கு இந்தக் கிரீஸ் வேலை ஏன்?" என்று என் மனைவி தயங்கினாள். "அண்ணன் செய்யலாம், நான் செய்யக்கூடாதா?" என்று அவள் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. இம்முறை நான் சும்மா இருக்கவில்லை. நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக மூன்று கல்லூரிகளுக்கு நடந்தேன். "எந்தப் பாடத்தை ஏற்பீர்கள்? எழுத்தில் தாருங்கள்" என்று கேட்டேன்.

2021-இலிருந்து ஈராண்டில், பள்ளியில் இருந்தபடியே கல்லூரியில் நான்கு பாடம் எடுத்தாள், பன்னிரண்டு கிரெடிட். அமெரிக்க அரசியல், உளவியல் ஆகிய இரண்டையும் கிளெப் தேர்வால் முடித்தாள், ஆறு கிரெடிட். ஆகப் பதினெட்டு. எங்கள் கைச்செலவு பேருந்துக் கட்டணமும் தேர்வுக்கூடத் தொகையும் மட்டுமே. இடையில் ஒரு சறுக்கலும் உண்டு. ஒரே பருவத்தில் இரண்டு பாடம் எடுத்து, அல்ஜீப்ராவில் 'சி' வாங்கினாள். அழுதாள். அந்த மதிப்பெண் கல்லூரிப் பதிவேட்டில் இன்றும் இருக்கிறது, அழியாது.

2023-இல் அரசுக் கல்லூரியின் விமானப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தாள். பொதுப் பாடம் முடிந்திருந்ததால், முழுக் கவனமும் தொழிற்பாடத்தில் சென்றது. பெல் எனும் மத்திய அரசு உதவித்தொகையும் ஓரளவு கிடைத்தது. இது கடன் அன்று, திருப்பித் தரவேண்டாம். 2025-26-இல் அதன் உச்ச அளவு ஆண்டுக்கு 7,395 டாலர். கருவிப் பெட்டிக்கு என் பழைய சாமான்களையே கொடுத்தேன். 2025-இல் உரிமமும் ஈராண்டுப் பட்டமும் சேர்ந்தே பெற்றாள். கடன் ஒரு காசும் இல்லை.

அண்ணன் தங்கை இருவரின் உரிமமும் எங்கள் வீட்டுச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. இரண்டும் ஒன்றே, ஓர் எழுத்துகூட வித்தியாசமில்லை. ஆனால் ஒன்றுக்குப் பின்னே பத்தாண்டுக் கடன் இருந்தது. மகனுக்கும் வழி பிறந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பள்ளியின் மணிக்கணக்கை ஏற்காவிட்டாலும், எஃப்.ஏ.ஏ. உரிமத்துக்கே கிரெடிட் கொடுக்கும் கல்லூரிகள் உண்டு. நியூஜெர்சியின் தாமஸ் எடிசன் பல்கலைக்கழகமும், எம்ப்ரி-ரிடில் விமானப் பல்கலைக்கழகமும் அத்தகையவை. இதைத் தங்கைதான் அவனுக்குக் கண்டுபிடித்துச் சொன்னாள். இப்போது வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்கிறான்.

சில எச்சரிக்கைகள்

பெற்றோர்களே, எந்தப் பாடத்துக்கும் முன், அதைப் பின்னர் ஏற்கப்போகும் கல்லூரியிடம் கேளுங்கள். வாய்ச்சொல்லை நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள். கிரெடிட்டை மூட்டை மூட்டையாகச் சேர்ப்பதால் பயனில்லை; பட்டத்தில் இடமுள்ள பாடத்தையே எடுக்க வேண்டும். பட்டத்தின் ஒரு பகுதியையாவது தம்மிடமே படிக்கவேண்டும் என்று கல்லூரிகள் விதிப்பதையும் மறவாதீர்கள். பிள்ளை தாங்கும் அளவே பாரம் ஏற்றுங்கள்.

இங்கிருந்து போக நினைக்கும் இளைஞர்களுக்கு ஒரு சொல். நான் கூறிய இலவசங்கள் அங்கே குடியிருந்து பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு உரியவை. மாணவர் விசாவில் செல்வோருக்குப் பெல் உதவி கிடையாது. அமெரிக்க உரிமம் இருந்தாலும், இந்தியாவில் பதிவான விமானத்துக்குச் சான்று எழுத நம் நாட்டு உரிமமே வேண்டும். ஏஜெண்டு எவரேனும் வேறுவிதமாகச் சொன்னால், என் வீட்டில் காப்பி குடித்தவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பும் மனச்சாட்சியும்

"திருகாணி முடுக்குபவனுக்கு ஆங்கிலமும் கணக்கும் எதற்கு?" என்று கேட்பவர் உண்டு. 1990 ஜூன் 10-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து புறப்பட்ட ஒரு பயணிகள் விமானத்தில், நடுவானில் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போயிற்று. விமானியின் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டது. உடனிருந்தவர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுதாம்ப்டனில் இறக்கினார். இறைவன் அருளால் எல்லோரும் பிழைத்தார்கள். காரணம் என்ன? அதற்குச் சற்று முன் ஓர் இரவு முறையில் கண்ணாடியை மாற்றியவர், பாகங்களின் பட்டியலைப் பார்க்காமல் பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்திருந்தார். 90 போல்ட்டுகளில் 84, வெறும் 0.66 மில்லிமீட்டர் மெலிந்தவை.

படித்து அறிவதும், அளந்து பார்ப்பதும், தெரியாததைக் கேட்பதும் எங்கள் தொழிலில் உயிர் காக்கும் பழக்கங்கள். விமானத்தில் நான் போட்ட போல்ட்டைச் சரிபார்த்த பிறகே பதிவேட்டில் கையெழுத்திடுவேன். முப்பது ஆண்டும் அப்படியே செய்தேன். ஆனால் என் மகனின் கடன் பத்திரத்தில் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டேன். இந்த ஒன்றைச் சொல்லத்தான் இங்கே நின்றேன்.

பிள்ளைகளே, கைத்தொழிலைத் தாழ்வாக எண்ணாதீர்கள். பெற்றோரே, பிள்ளையின் ஆசைக்கு இணங்கும் முன் அரை நாள் செலவிட்டு நான்கு கேள்வி கேளுங்கள். அந்த அரை நாள், பத்து ஆண்டுகளை மிச்சப்படுத்தும்.