கேள்வியை யாரிடம் கேட்கிறோம்?



ஆட்கடத்தல் என்றதும் நள்ளிரவு லாரியும் பூட்டிய அறையும் நம் நினைவுக்கு வருகின்றன. நம் வட மாவட்டங்களில் அது பட்டப்பகலில், அட்வான்ஸ் என்ற பெயரில் நடக்கிறது. செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் மரம் வெட்டவும் இருளர் குடும்பங்கள் போவது பெரும்பாலும் அப்படித்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கொத்தடிமை விசாரணையைப் பார்க்கப் போயிருந்தேன். சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்ட குடும்பம் அது. வாங்கிய முன்பணம் பத்தாயிரம். ரேஷன் கார்டு முதலாளியிடம் இருந்தது. அவர் நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவர்கள் கதவோரம் நின்றார்கள். "விருப்பப்பட்டுத்தானே வேலை செஞ்சீங்க?" என்று கேட்டார் அலுவலர். அந்தக் குடும்பத்துப் பெண் முதலாளியை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆமாங்க சாமி" என்றாள். அதோடு விசாரணை முடிந்தது. விடுதலைச் சான்று கிடைக்கவில்லை.

சட்டம் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்கச் சொல்லவே இல்லை. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கொடுத்த பணம் கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர்மேல் வைக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவில் ஆட்கடத்தலுக்கான 143ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவரின் சம்மதம் பொருட்டல்ல என்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் உழைத்தால் அது கட்டாய உழைப்பே, வறுமையின் நெருக்கடியும் கட்டாயம்தான் என்று 1982இல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டாய உழைப்பு தெரிந்தால் அதன் பின்னால் முன்பணம் இருக்கிறது என்றே அனுமானிக்க வேண்டும் என்றது, ஃபரீதாபாத் கல்குவாரித் தொழிலாளர் பற்றிய 1983ஆம் ஆண்டுத் தீர்ப்பு. இத்தனையும் இருந்தும், அந்த அறையில் ஒரு தலையசைப்பு எல்லாவற்றையும் தள்ளிவிட்டது.

விடுதலைச் சான்று வெறும் தாளல்ல. கடன் அழிந்ததற்கு அதுதான் கையில் இருக்கும் அத்தாட்சி. 30,000 ரூபாய் வரையான உடனடி உதவித்தொகைக்கும், ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் வரையான மறுவாழ்வுத் தொகைக்கும் அதுவே வாசல். அந்த வாசலைத் தாண்டினாலும், முழுத் தொகையும் வந்துசேர வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லாதவர் அதுவரை எங்கே போவார்? பழைய சூளைக்கே. இந்த நிபந்தனையை நீக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கொத்தடிமைச் சட்டத்தில் அபராதத்தின் உச்சவரம்பு இன்றும் இரண்டாயிரம் ரூபாய்தான் என்பதையும் இந்த மாநாட்டின் அமர்வுகள் பேச வேண்டும்.

முதல் அமர்வு விசாரணை நடைமுறை பற்றியது. குடும்பத்தைத் தனியே உட்காரவைத்துப் பேசுவது எப்படி, முதலாளியை எப்போது அழைப்பது, அவரிடம் முதலில் எதைக் கேட்பது என்பதைச் சான்றில் கையெழுத்திடும் கோட்டாட்சியர்களே சொல்லக் கேட்க விரும்புகிறேன். அவர்களை மேடைக்கு அழைத்து, மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.