செய்கைக்கும் புள்ளி உண்டு

ரொறன்ரோவில் 12ஆம் வகுப்புப் பிள்ளைகள் பலர் வசந்தகாலத்தில் யூக்ளிட் கணிதப் போட்டி எழுதுவார்கள். நடத்துவது வாட்டர்லூ பல்கலைக்கழகம். 10 கேள்விகள், 100 புள்ளிகள்.

இதில் விடை பிழைத்தாலும் புள்ளி உண்டு. பொருத்தமான செய்கை தாளில் இருந்தால் அதற்கொரு பங்கு உண்டு. வெறும் எண்ணை மட்டும் எழுதி, அதுவும் பிழையென்றால், திருத்துகிறவர் பாவம், எதற்குப் புள்ளி போடுவார்?

மற்றப் பக்கமும் இருக்கிறது. முழுச் செய்கை கேட்ட கேள்வியில் விடை சரி, செய்கை அலங்கோலம் என்றால், முழுப் புள்ளி கிடையாது. வினாத்தாளிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

செய்கை ஏன் வேண்டும் என்பதற்குக் கடைச் சிட்டையைப் பாருங்கள். முருங்கைக்காய் இவ்வளவு, கத்தரிக்காய் இவ்வளவு என்று வரிவரியாக இருந்தால்தானே கூட்டல் எங்கே பிசகியது என்று தெரியும்?

"மனசுக்குள்ளேயே செய்தேன் அம்மா" என்கிற பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கும். இன்று பின்னேரம் அந்தப் பிள்ளையின் கணிதக் கொப்பியை ஒருக்கால் வாங்கிப் பாருங்கள்.