படமில்லாத வேண்டுகோள்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டு நிறைவை முன்னிட்டு, விழாச் செலவைச் சுருக்கி மிஞ்சும் தொகையையும் மலர் விற்பனையில் வரும் தொகையையும் குருதிப் புற்றுநோயால் துன்புறும் ஓர் இளைஞரின் மருத்துவத்திற்கு அளிப்பதென நம் வட்டம் முடிவு செய்தது. அவர் முன்னாள் படைவீரர் ஒருவரின் மகன். வேண்டுகோள் அறிக்கையில் அவர் பெயரும் படமும் ஏன் இல்லை என்று உறுப்பினர் சிலர் வினவினர். படம் இருந்தால் பணம் கூடுதலாக வரும் என்பது அவர்கள் கருத்து. அவ்வினாவுக்கு விடை சொல்லவே நிற்கிறேன்.

படைவீரர் வீட்டுக்கு அரசே மருத்துவம் பார்க்காதா என்று கேட்போரும் உளர். பார்க்கிறது. 2003ஆம் ஆண்டு தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம், ஓய்வுபெற்றவரையும் அவர் மனைவியையும் அவரைச் சார்ந்த பிள்ளைகளையும் காக்கிறது. ஆனால் மகன் 25 வயதைக் கடந்தாலோ, ஊதியம் பெறத் தொடங்கினாலோ, பொதுவாக அந்நிழல் விலகிவிடும். நம் இளைஞருக்கு வயது 26. நோய் வயதுச் சான்றிதழ் பார்த்து வருவதில்லை.

தந்தையோ கேட்டுப் பழகாதவர். 1949 முதல் டிசம்பர் 7ஆம் நாளைக் கொடி நாளாகக் கொண்டாடுகிறோம். அன்று உண்டியலில் இடும் காசை யாரும் பிச்சை என்பதில்லை. எல்லையில் நின்றவர்க்கு நாடு தீர்க்கும் கடன் என்கிறோம். ஓர் இல்லத்திற்குத் தனியே கொடுக்கும்போதும் அதே மதிப்புடன் கொடுக்க வேண்டாமா?

நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையை நீங்கள் அறிவீர்கள். பாணன் வீட்டு அடுக்களையில் கண் திறவாத நாய்க்குட்டிகள் கிடக்கின்றன. குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பின்றி வேகவைத்த இல்லாள், பிறர் கண்ணில் படாதிருக்க வாயிலை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். வறுமையை இதைவிடத் துல்லியமாகச் சொன்னவர் யார்? ஆயினும் அவள் பெயர் நமக்குத் தெரியாது. வறுமை முழுவதையும் புலவர் சொன்னார். அவள் நாணத்தை மட்டும் காத்தார். வேண்டுகோள் எழுதுவோர்க்கு இதுவே இலக்கணம் என்பேன்.

இதனால் பொருள் குறையுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. 1948 மே 22ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் புற்றுநோயுற்றுக் கிடந்த 12 வயதுச் சிறுவனின் குரல் வானொலியில் ஒலித்தது. அவன் உண்மைப் பெயரை மறைத்து ‘ஜிம்மி’ என்றே அறிமுகம் செய்தனர். பேஸ்பால் ஆட்டக்காரர்கள் கட்டிலைச் சூழ்ந்து நின்று அவனோடு பாடினர். 20,000 டாலர் சேர்ந்தால் ஆட்டம் பார்க்க அவனுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி கிடைக்கும் என்றனர். சேர்ந்தது 2,31,000 டாலருக்கும் மேல். அவ்வாறு தோன்றிய ஜிம்மி நிதி இன்றும் இயங்குகிறது. சிறுவன் பிழைத்தான், சுமையுந்து ஓட்டிப் பிழைப்பு நடத்தினான். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1998இல், எய்னார் குஸ்டாஃப்சன் என்ற அவர் பெயரை உலகம் அறிந்தது. அரை நூற்றாண்டு அவர் நோயாளியாக அன்றி மனிதராக வாழ்ந்தார்.

நம் இளைஞரும் வாழப் போகிறவர். நாளை வேலை கேட்டு ஒரு வாயிலில் நிற்பார். பெண் கேட்டு மற்றொரு வாயிலுக்குச் செல்வார். முடி உதிர்ந்த தலையுடன் நாம் அச்சிட்ட படம் அவருக்கு முன்பே அங்குப் போய்ச் சேரக்கூடாது.

பெயரை மறைப்பதால் கணக்கையும் மறைக்கலாகாது. தொகை முழுவதும் மருத்துவமனைக் கணக்கிற்கே காசோலையாகச் செல்லும். பற்றுச்சீட்டுகள் மாதக் கூட்டத்தில் படிக்கப்படும். அவருக்கு வந்துள்ள வகைக்கு மருத்துவம் இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளக்கூடும். ஆதலால் இன்று ஆயிரம் தருவதைவிட மாதம் நூறு தருவது பெரிது. குருதித் தட்டணுக்களை ஐந்து நாளைக்குமேல் பெரும்பாலும் சேமித்து வைக்க இயலாது. ஆகவே பணம் இல்லாதோரும் குருதியணு தர முன்வரலாம். வெளியே மேசைமீது இரண்டு ஏடுகள் உள்ளன. ஒன்று பணத்திற்கு, மற்றொன்று குருதிக்கு. விடைபெறுமுன் ஏதேனும் ஒன்றில் உங்கள் பெயரை எழுதுங்கள். இக்காரியத்தில் வெளிப்பட வேண்டிய பெயர்கள் அவையே.