நிலமும் மனையும்: செங்கற்பட்டுச் சீமையில் சமயத்தார் செய்ததும் செய்யாததும்



இனநீதிக்காகச் சமயச் சமூகங்கள் ஆற்றிய பணி என்பது நம் கருத்தரங்கின் பொருள். இனம் வேறு, சாதி வேறு ஆயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. 2001இல் டர்பனில் ஐ.நா. மாநாடு கூடியபோது இந்திய அரசு வைத்த வாதமும் அதுதான். பிறப்பு வழி வரும் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று மறு ஆண்டே ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு சொல்லிவிட்டது. 1959இல் திருவனந்தபுரம் வந்த மார்ட்டின் லூதர் கிங்கை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டப்படாதவர் என்று ஒரு பள்ளித் தலைமையாசிரியர் அறிமுகம் செய்தாராம். முதலில் திடுக்கிட்டதையும், பிறகு அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டதையும் 1965இல் கிங்கே தம் சபையாரிடம் சொன்னார். அந்த விவாதத்தை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

உத்திரமேரூர் வட்டாரத்தில் மேடை ஏறுகிறவர்கள், இவ்வூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலைத் தேர்தல் முறையைப் பாராட்டாமல் இறங்குவதில்லை. நானும் பாராட்டுகிறேன். ஆனால் சோழன் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டில் தகுதிப் பட்டியலையும் படிக்க வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் கற்றவருக்கு நிலத்தில் சலுகை உண்டு, அரைக்கால் வேலி போதும். நிலமும் மனையும் இல்லாதவன் பெயர் ஓலையில் ஏற வழியே இல்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழித்து, அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவில் வெடித்த கேள்வியும் அதே நிலமும் மனையும்தான்.

1843இலேயே அடிமை முறை சட்டப்படி செல்லாததாகிவிட்டது. செங்கற்பட்டுச் சீமையில் நடந்தது வேறு. ஏரிப் பாசனம், நஞ்சை, மிராசுதார், அவரிடம் கடன்பட்ட படியாள். படியாள் குடிசை போட்ட சேரி நத்தமும் மிராசுதாருடையது. கூலி கூட்டிக் கேட்டால் குடிசையைப் பிரிக்கச் சொல்லலாம். தரிசு நிலம் கேட்டுத் தர்க்காஸ்து என்னும் விண்ணப்பம் போட்டாலோ, முதல் உரிமை எங்களுக்கு என்று மிராசுதார்கள் ஆட்சேபித்துவிடுவார்கள். கிராமத்தில் நிலம் காலியாகக் கிடக்கும். உழுகிறவனுக்கு மட்டும் கிடைக்காது.

இதைக் கூர்ந்து பார்த்தவர்கள் இரண்டு பாதிரியார்கள்: ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி. ஆன்மாவைப் பற்றிப் பிரசங்கிக்க வந்தவர்கள் பட்டா, நத்தம், தர்க்காஸ்து விதி என்று ரெவின்யூ பாஷை பேசத் தொடங்கினார்கள். விண்ணப்பம் எழுதினார்கள், பத்திரிகையில் எழுதினார்கள், மனை வாங்கிக் கொடுத்தார்கள். செங்கற்பட்டுப் பக்கம் மெல்ரோசாபுரம் ஆண்ட்ரூ அமைத்த குடியிருப்பு. கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891இல் தம் ஜில்லாப் பறையர் நிலை பற்றி விரிவான குறிப்பொன்றை மேலிடத்துக்கு அனுப்பினார். சென்னை அரசாங்கம் அதில் பெரும்பகுதியை நம்ப விரும்பவில்லை. ஆனாலும் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க 1892 செப்டம்பர் 30ஆம் தேதி பிறந்த ஆணைதான், இன்று பஞ்சமி நிலம் என்றும் டி.சி. (டிப்ரஸ்ட் கிளாஸ்) நிலம் என்றும் மக்கள் சொல்வதற்கு மூலம்.

மதம் மாற்றத்தானே செய்தார்கள் என்பார்கள். ஆமாம், அந்த நோக்கம் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. ஆனால் நல்ல நோக்கம் மட்டும் வைத்திருந்தவர்கள் அந்நாளில் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களால் ஒரு சென்ட் நிலமும் அசையவில்லை. பாதிரியார்களைவிட நாம் குறைவாகப் பேசுவது பறையர் தலைவர்களைப் பற்றித்தான். மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். மதம் மாறுவதை அவர் ஏற்கவில்லை. அயோத்திதாசரோ 1898இல் கொழும்பு சென்று பஞ்சசீலம் பெற்று, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். பாதிரியார்களை மட்டும் கதாநாயகர்களாக்கி எழுதும் வரலாறு பாதிக்கப்பட்டவர்களை வெறும் மனுதாரர்களாக்கிவிடும்.

அடுத்ததைச் சொல்லும்போது கிறிஸ்தவ நண்பர்கள் வருந்தக்கூடாது. சாதியைக் கண்டித்துச் சென்னை மிஷனரிகள் 1850இலேயே கூடித் தீர்மானம் போட்டார்கள். ஆனாலும் திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களுக்கு நடுவே சாதி பிரிக்கும் சுவர் நின்றது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் 2008இல் சபைக்குள் எழுந்த சாதி மோதல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து உயிர்கள் போயின. வைணவர்களுக்கும் இதே கேள்வி உண்டு. காஞ்சியில் பிராமணரல்லாத திருக்கச்சி நம்பி உண்ட மிச்சத்தை உண்ண விரும்பிய இராமானுசர் கதையை மனமுருகச் சொல்கிறோம். அந்த உருக்கம் அக்கிரகாரத்துக்கும் சேரிக்கும் நடுவில் இருந்த தூரத்தை எத்தனை அடி குறைத்தது? இதற்கு விடை சொல்லும் கட்டுரை இக்கருத்தரங்கில் வந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.

அரசும் தன் பங்குக்குச் சிக்கலைக் கூட்டியது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியர், 1990இல் பௌத்தர் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகள் இன்னும் வெளியே நிற்கிறார்கள்.

கொடுத்த நிலமும் நிலைக்கவில்லை. விற்கக்கூடாத நிலம் கைமாறியது. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் மாண்டனர். இரு பெயர்களையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு கிறிஸ்தவப் பெயர், ஒரு இந்துப் பெயர். இருவரும் செத்தது ஒரே நிலத்துக்காக. அப்போராட்டத்தில் இயேசு சபைத் துறவிகளும் நின்றார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். நூறாண்டுக்கு முன் ஆண்ட்ரூ நின்ற பக்கம் அதுதான்.

சமயத் தலைவர்கள் கைகோத்து விளக்கேற்றும் சமூக நல்லிணக்க விழாக்கள்மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. சமயச் சமூகத்தின் கையில் மெய்யாகவே இருப்பது நிலம், பள்ளி, சுடுகாடு, கல்லறை, பழைய பதிவேடு. நீதியை அங்கேதான் அளக்க வேண்டும்.

ஆகவே இங்கு வந்துள்ள ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உத்திரமேரூர் வட்டத்து ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் நில உரிமையைக் காட்டும் இன்றைய அ-பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டி.சி. நிலம் எவ்வளவு இருந்தது, இன்று யார் பெயரில் இருக்கிறது என்று எழுதுங்கள். மடங்களும் திருச்சபைகளும் ஜமாத்துகளும் தங்கள் சொத்துப் பதிவேடுகளை உங்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். மறுப்பவர்கள் யார் என்பதையும் கட்டுரையில் குறியுங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.