அட்டை அம்மாவுடையது, கடன் யாருடையது?

(கித்துல்கலப் பகுதித் தோட்டக் கிளைகளின் மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பால் வெட்டி முடித்து, வாளியைக் கழுவி வைத்துவிட்டு, மழையோடு மழையாக வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சுருக்கமாகவே பேசுகிறோம். இன்று சம்பளத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. அடையாள அட்டையைப் பற்றிப் பேசப் போகிறோம். கம்பெனிக்காரன் செய்த தவறு என்றால் நமக்குக் கோஷம் போடத் தெரியும். தவறு நம் வீட்டுக்குள்ளேயே நடந்தால் என்ன செய்வது? அதுதான் இன்றைய பேச்சு.

நம் கிளையைச் சேர்ந்த ஒரு அம்மாவின் கதை இது. பெயரும் தோட்டமும் வேண்டாம். அவரைக் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறோம். ஒரு நாள் அவருடைய லயத்து வாசலில் ஒரு கடன் நிறுவனத்தின் ஆள் வந்து நின்றார். 85,000 ரூபா கடனில் இரண்டு தவணை கட்டவில்லை என்றார். அந்த அம்மா கடனே வாங்கவில்லை. ஆனால் படிவத்தில் அவருடைய பெயர் இருந்தது, அடையாள அட்டை இலக்கம் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. நேரான, அழகான கையெழுத்து. அந்த அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்ததே நாங்கள்தான். முதியோர் வகுப்பில் ஒவ்வோர் எழுத்தாக, நடுங்கி நடுங்கி எழுதுவார். அந்தக் கை இப்படி எழுதாது.

எழுதியது அவருடைய மகன். கொழும்பில் கடையில் வேலை செய்தவன். 2022 நெருக்கடியில் வேலை போனது. வெளிநாடு அனுப்புவதாகச் சொன்ன ஒரு ஏஜென்டிடம் கட்டுவதற்காக எடுத்த கடன் அது. ஏஜென்ட் காணாமல் போய்விட்டான்.

இதில் எங்கள் பங்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த அட்டையின் போட்டோ கொப்பியில், மூலத்தைப் பார்த்து உறுதிப்படுத்தியதாக இருந்த கையெழுத்து எங்களுடையது. ஒரு மாலை அவன் வந்து, "அம்மா மலையில நிக்கிறாங்க மாஸ்டர், நிவாரணத்துக்குக் குடுக்கணும்" என்றான். நம் பள்ளியில் படித்த பிள்ளை. மூலத்தைக் கேட்காமல் போட்டுக் கொடுத்தோம். அன்றிலிருந்து ஆளையும் அட்டையையும் நேரில் பார்க்காமல் எங்கள் பேனா எதிலும் படுவதில்லை.

அடுத்த தவறு சங்கத்தின் தவறு. "குடும்ப விஷயம், வெளியே தெரிந்தால் மானம் போகும், மெதுவாகக் கட்டிவிடுங்கள்" என்று ஆலோசனை சொன்னோம். அந்த அம்மா மூன்று தவணை கட்டினார். பிறகு நிறுவனத்திடம் போய்க் கேட்டபோது, "உங்கள் கடன் இல்லை என்றால் ஏன் கட்டினீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை.

தாய்மார்களே, நமக்கு இந்த அட்டை சும்மா கிடைக்கவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம் முன்னோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரண்டு அரசாங்கங்கள் நம்மைத் தலை எண்ணிப் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினையைத் தீர்க்க 2003இல் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது. அட்டைக்காக அத்தனை காலம் காத்திருந்த நாம், அதை அரிசிப் பானைக்குப் பக்கத்தில், யார் கையும் படுகிற இடத்தில் வைத்திருக்கிறோம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர் என்று இருப்பவர்களும் நம்மில் உண்டு. மோசடி செய்பவனுக்கு அந்தக் குழப்பமே வசதி.

இது தோட்டத்து ஏழைகளுக்கு மட்டும் நடப்பது என்று வெட்கப்பட வேண்டாம். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் அக்ஸ்டன் பெட்ஸ் ஹமில்டன் என்று ஒரு பெண். அவர் சிறுமியாக இருந்தபோது, 1993இல், குடும்பத்தின் அடையாளம் திருடு போனது. யாரையும் நம்பாமல், அயலவரைச் சந்தேகித்தே அந்த வீடு வாழ்ந்தது. 2001இல் பார்த்தால் அவருடைய பெயரிலும் அவர் வாங்காத கடன்கள். இந்த விடயத்தையே ஆராய்ந்து கலாநிதிப் பட்டமும் பெற்றார். 2013இல் தாய் இறந்த பின்னர், வீட்டிலிருந்த காகிதங்களில்தான் உண்மை வெளிவந்தது. எடுத்தவர் அந்தத் தாயே. 2019இல் அதைப் புத்தகமாக எழுதினார். இருபது வருடம் உண்மை தெரியாமல் போனதற்குக் காரணம், வீட்டுக்குள் யாரும் பார்க்கத் துணியவில்லை என்பதுதான்.

அப்படியானால் என்ன செய்வது?

முதலாவது, உங்களுடையது அல்லாத கடனுக்கு ஒரு தவணையும் கட்டாதீர்கள். கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படலாம்.

இரண்டாவது, "இது என் கையெழுத்து அல்ல" என்று நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் ஒரு பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தின் பிரதியைக் கேளுங்கள்.

மூன்றாவது, கொடுகடன் தகவல் பணியகம், நாம் கிரிப் என்று சொல்வது, அங்கே உங்கள் பெயரில் உள்ள அறிக்கையைப் பெறலாம். வேறு கடன் ஏதும் பதிவாகியிருந்தால் அதில் தெரியவரும். பிழையைத் திருத்தக் கேட்கலாம்.

நான்காவது, மத்திய வங்கியின் கண்காணிப்பில் உள்ள நிறுவனம் கேட்க மறுத்தால், அந்த வங்கியின் 1935 இலக்கத்துக்கு முறையிடலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

ஐந்தாவது, பொலிஸ் முறைப்பாடு. இதில்தான் நாம் எல்லோரும் தடுமாறுகிறோம். அந்த அம்மா எங்களிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "எனக்கு ஒரே மகன் மாஸ்டர். அவன உள்ள போட்டுட்டு நான் யாருக்குச் சோறாக்குறது?"

இந்தக் கேள்விக்குச் சங்கம் பதில் சொல்ல முடியாது. போவதா இல்லையா என்பது அவருடைய முடிவு. நாங்கள் செய்யக்கூடியது, இரண்டு பக்கத்தையும் மறைக்காமல் சொல்வது. முறைப்பாடு இல்லாவிட்டால் நிறுவனம் நம்ப மறுக்கலாம். முறைப்பாடு செய்தால் மகன் வழக்கைச் சந்திக்க நேரலாம். மானத்தைக் காட்டி அந்தத் தாயின் வாயை அடைக்கவும் கூடாது, ஒழுக்கம் பேசி அவரைப் பொலிஸுக்குத் துரத்தவும் கூடாது. முதல் தடவை நாங்கள் வாயை அடைத்தோம்.

அந்த அம்மா மகனைக் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் முன்னால் உட்கார வைத்து, "எழுதுடா" என்று மட்டும் சொன்னார். அவன் நடந்ததைத் தன் கையாலே எழுதிக் கையெழுத்திட்டான். அதை எடுத்துக்கொண்டு எல்லோருமாக நிறுவனத்துக்குப் போனோம். கடனை அவன் பெயருக்கு மாற்றச் சம்மதித்தார்கள். இப்போது ஒரு கடையில் மூட்டை தூக்கி அவன்தான் கட்டுகிறான். தாயின் பெயரை விடுவிக்கும் கடிதம் மட்டும் இன்னும் வரவில்லை. அது கையில் வரும்வரை இந்தப் பிரச்சினை முடிந்ததாக நாங்கள் கணக்கில் எடுக்கமாட்டோம். வீடு திருத்த அவர் கேட்க நினைக்கும் கடனும் அந்தக் கடிதத்துக்காகவே காத்திருக்கிறது.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். அட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். யாருக்காவது பிரதி கொடுப்பதாக இருந்தால், எதற்காக, எந்தத் திகதியில் என்று அதன்மேலேயே எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் எங்களிடம் வாருங்கள். நீங்களே வாருங்கள், அட்டையோடு வாருங்கள்.

வாசல் மிதிக்க வெட்கமாக இருந்தால், லயத்துக்கே நாங்கள் வருகிறோம்.